ஓர் எலுமிச்சம்பழமும் ஏழு மிளகாயும்

தணிகாசலத்தின் பைக் எஞ்சின் மூன்று நாட்களாகக் கடகடத்தது. திருஷ்டிதான் என்று முடிவுகட்டிய அவர், ஹேண்டில்பாரில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் ஏழு மிளகாயையும் கோத்துக் கட்டிக்கொண்டு, மனைவியோடு கிளம்பினார்.

பழம் ஊஞ்சலாடியது. "எஞ்சின் அண்ணே, இனி எல்லாம் என் பொறுப்பு!"

"அடேய், என் அடியில் போல்ட் தளர்ந்துவிட்டது. நிமிடத்துக்குப் பதினோரு சொட்டு ஆயில் பின்டயரில் விழுகிறது. நாலு தெரு தாண்டினால் இறக்கம். அங்கே வழுக்கினால் இவர்கள் கதி என்ன?"

பழத்துக்குத் தலை சுற்றியது. "ஐயோ! எனக்குப் போல்ட் முடுக்கத் தெரியாதே!"

"எனக்கு நிற்கத் தெரியும்" என்ற எஞ்சின், மெக்கானிக் கடை வாசலில் மூன்று முறை இருமிவிட்டு நின்றுகொண்டது. எட்டு உதை வாங்கியும் அசையவில்லை.

மெக்கானிக் போல்ட்டை முடுக்கினார், டயரைத் துடைத்தார். "இறக்கத்துல போயிருந்தா ரெண்டு பேரும் அவ்வளவுதான் சார்."

தணிகாசலம் கண்கலங்கிப் பழத்தைக் கும்பிட்டார். "நீதான் சாமி காப்பாத்தினே!"

பழம் வெட்கப்பட்டு மிளகாய்களுக்குப் பின்னால் ஒளிந்தது. அதைப் பார்த்த எஞ்சினுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கிளம்பும்போதே கடகடவென்று சிரித்துவிட்டது.

"இன்னும் திருஷ்டி கழியலையே!" என்று தணிகாசலம் இன்னொரு பழம் வாங்க ஓடினார்.