வாடாமல்லிக் கொட்டகை

போலீஸ் ஜீப் வாசலில் வந்து நின்றபோது சீதாலெட்சுமி பின்புறக் கொட்டகையில் கோழிக்கொண்டைப் பூக்களைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

நான்கு பேர் இறங்கினார்கள். மூவர் மலாய்க்காரர்கள். நான்காமவர் தமிழர், சார்ஜன். சட்டையில் ரெங்கசாமி என்று பெயர் இருந்தது.

"கஞ்சா காயப்போடுறீங்கன்னு போன் வந்திருக்கு, அக்கா. பார்க்கணும்."

அவளுக்கு முதலில் சிரிப்பு வரப் பார்த்தது. அடுத்த கணம் அது அடங்கிவிட்டது. கஞ்சாவுக்குத் தூக்குக் கயிறு என்பது அந்த எண்பத்தேழில் கிள்ளானில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கொட்டகை வெளி ஆள் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வெளிச்சம் பட்டால் நிறம் வெளுத்துவிடும் என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. ஈரம் ஏறாமலிருக்க நாள் முழுக்க மின்விசிறி. கதவில் எப்போதும் பூட்டு. வாரம் ஒருமுறை பங்சார் பரிசுக்கடைக்காரரின் கார் வரும். காய்ந்த பூங்கொத்துகளை அடுக்கி மூடிய அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும்.

யார் வைத்த கொள்ளி இது?

சந்தேகம் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனது. லோங்காங் சாக்கடை அடைத்துத் தண்ணீர் தேங்கிய சண்டையில் இராசேஸ்வரி ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போதும் அவள் வீட்டு ஜன்னல் திரை அசைந்தது. அவள் இல்லையென்றால் ரமணி. பூக்கொத்துக் கட்ட வந்தவள், போன மாதம்தான் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

யாராக இருந்தாலும் நாள் பார்த்துத்தான் செய்திருந்தார்கள்.

கொல்லையில் விளையும் பூ கடைகளுக்குப் போதவில்லை. சுங்கை பூலோவில் இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பேசி முடித்திருந்தாள். நாளைக் காலையில் கையெழுத்து. நிலத்துக்காரர் தொடைநடுங்கி. ஜீப் வந்த சேதி காதில் விழுந்தால் கதவையே திறக்கமாட்டார்.

கணவன் வேலாயுதம் சமையலறை வாசலில் நின்றான். தலைவலி என்று தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைக்கு அன்று லீவு போட்டிருந்தான். பதினான்கு வருஷ வேலை. நிலம் கைக்கு வந்ததும் அதை விட்டுவிட்டுத் தன்னோடு பூவில் இறங்கச் சொல்லியிருந்தாள். பார்க்கலாம் என்றிருந்தான்.

அவன் முகம் வெளுத்திருந்தது. பாவம், மனுஷன் பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

போலீஸ்காரர்கள் ஒவ்வொரு கொத்தாக இறக்கிப் பாயில் வைத்தார்கள். ரெங்கசாமி கீழே உதிர்ந்து கிடந்த ஒரு வாடாமல்லியை எடுத்துக் கசக்கி முகர்ந்தார். வைக்கோல் வாடை.

"புங்கா சாஜா, சார்ஜன்" என்றார் ஒருவர். வெறும் பூதான்.

அரைமணி நேரத்தில் முடிந்தது. நானூறு கொத்தில் ஒன்றுகூட உடையவில்லை. அந்த மட்டுக்கும் புண்ணியம் என்று அவள் ரெங்கசாமிக்கு நன்றி சொன்னாள்.

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"போன் பண்ண ஆளே சொன்னாரு லா, அக்கா. தண்டை வளைக்காதீங்க, உள்ள கம்பி ஓடுது, பூ உதிர்ந்திரும், மெதுவா இறக்குங்கன்னு."

ஜீப் போய்விட்டது.

சீதாலெட்சுமி நின்ற இடத்திலேயே நின்றாள்.

கம்பி வெளியே தெரியாது. பூ பச்சையாக இருக்கும்போதே தண்டுக்குள் செருகிவிட வேண்டும். காயக் காயத் தண்டு சுருங்கி அதைக் கவ்விக்கொள்ளும். கடைக்காரருக்கே அது தெரியாது. ரமணியை அந்த வேலைக்கு அவள் ஒருநாளும் கிட்டச் சேர்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் உட்கார்ந்து செய்வது.

வேலாயுதம் கொட்டகைக்குள் வந்தான். பாயருகே குந்தி, ஒரு கொத்தைக் கையிலெடுத்தான். அவளைப் பார்க்காமலே கேட்டான்.

"யாரு போன் பண்ணதுன்னு ஏதாச்சும் சொன்னாங்களா?"

அவள் அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லல" என்றாள்.

அவன் கையிலிருந்த கொத்தை வாங்கி மறுபடி தலைகீழாகத் தொங்கவிட்டபடி, "நாளைக்கு நீங்க வேலைக்குப் போங்க. சுங்கை பூலோவுக்கு நான் மட்டும் போய்க்கிறேன்" என்றாள்.