எலும்பு ராணி ஏன் கதவைத் திறந்தாள்?

"சகல, ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல. அந்த எலும்பு ராணி ஏன் கோட்டைக் கதவைத் திறந்து வெச்சுட்டுப் போனா?"

காலை ஷிப்ட் முடிந்து, ஆலைக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் லோடுமேன் இப்படிக் கேட்டதும் 'தொடர்கதை'யின் முகத்தில் குண்டு பல்பு எரிந்தது. அட்டைப்பெட்டி ஆலையில் கட்டிங் மிஷின் ஓட்டுகிற அவருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவர்களே அவரைக் கண்டால் காத தூரம் ஓடுவார்கள். ஆறு பாகம் வந்த ஏதோ மாயாஜாலக் கதை. ஏழாம் பாகத்தில் ராணி என்ன சதி செய்யப் போகிறாள் என்பதை, ராணிக்கே இவர்தான் யோசனை சொல்லிக் கொடுத்த மாதிரி பேசுவார்.

லோடுமேன் அந்தக் கதையில் ஒரு வரி படித்ததில்லை. ராத்திரி நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கியும் இருந்தார். அவர் கவலை வேறு.

ஆலையில் மேஸ்திரி வேலை காலி. வேண்டும் என்கிறவர்கள் நேரில் போய் ஆபீஸ் சன்னலில் பேர் கொடுக்க வேண்டும். இன்று சாயங்காலச் சங்கு ஊதியதும் சன்னலைச் சாத்திவிடுவார்கள். ஒருத்தர் பேர் மட்டும் இருந்தால் வேலை அவருக்கே; ரெண்டு பேர் என்றால் முதலாளி யாரைக் கை காட்டுகிறாரோ அவருக்கு.

மேஸ்திரிக்குக் கட்டுத் தூக்கும் வேலை கிடையாது. லோடுமேனின் இடுப்போ எப்போதோ கையை விரித்துவிட்டது. இனியும் தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போட்டிக்கு வரக்கூடிய ஒரே ஆள் இந்தச் சகலை. "எங்கக்கா வீட்டுக்காரர் மேஸ்திரி ஆயிட்டா அவ கால் தரையில நிக்காது, பார்த்துக்குங்க" என்று லோடுமேனின் மனைவி வேறு காலையில் காதைக் கடித்து அனுப்பியிருந்தாள்.

கதைப் பைத்தியத்துக்கு மற்றதெல்லாம் கடைசி நேரத்தில்தான் ஞாபகம் வரும் என்பது லோடுமேன் கணக்கு. அதுவரை பெஞ்சை விட்டு எழுந்திருக்க விடக்கூடாது. தான் மட்டும் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒன்றுக்குப் போகிற மாதிரி நைசாகக் கழன்று பேர் கொடுத்துவிட வேண்டும். இப்போதே போனால் சகலை முழித்துக்கொள்வாரே!

"உங்களுக்கு வேற சோலி இருந்தா சொல்லுங்க சகல, இன்னொரு நாள் பேசுவோம்" என்று ஆழம் பார்த்தார்.

"எனக்கென்ன சோலி? இன்னிக்கு உள்ளதெல்லாம் காலையிலயே முடிச்சாச்சு. நீங்க கேளுங்க. மூணாம் பாகத்துல ராணி இடது கையால தண்ணி குடிக்கிறா. ஏன்?"

"வலது கை அழுக்கா இருந்திருக்கும்."

"எல்லாரும் அங்கதான் சறுக்குறாங்க! வலது கையில மோதிரம் இல்ல. அத மறைக்கிறா. மோதிரம் எங்க?"

"அடகு வெச்சிருப்பா."

"ராணி எதுக்குய்யா அடகு வெக்கிறா?"

"ராஜா சம்பளத்த ஒழுங்கா வீட்டுல குடுக்கலன்னா?"

தொடர்கதை சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "கதவு திறந்த அந்த எதிரி கோட்டைக்குள்ள ஒரு ஆளுக்கு அடையாளமாக் குடுத்தனுப்பிட்டா. உள்ள அவ கையாள் ஒருத்தன் இருக்கான்."

வந்த கொட்டாவியை லோடுமேன் பாதியிலேயே விழுங்கினார். "யாரு?"

"தளபதின்னு ஊரே சொல்லுது. அதனாலயே அவன் இல்ல."

"அப்ப வைத்தியனா?"

"வைத்தியன் அஞ்சாம் பாகத்துலயே செத்துட்டான்."

"செத்தத யாரு பார்த்தா?"

தொடர்கதை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "சகல... நீங்க சாதாரண ஆளு இல்ல."

லோடுமேனுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் அவர் முதுகைத்தான் எல்லாரும் மெச்சியிருக்கிறார்கள். மூளையை ஒருத்தரும் மெச்சியதில்லை. இன்னொரு டீ சொன்னார். வைத்தியன் செத்த அறையில் யார் யார் இருந்தார்கள், எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்று போலீஸ்காரர் மாதிரி குடைய ஆரம்பித்தார். டீ ஆடை கட்டியது.

"கோட்டையில சமையக்காரன்னு ஒருத்தன் இருப்பானே?"

"இருக்கான். ஆறு பாகத்துலயும் ஒரு வார்த்தை பேசல."

லோடுமேன் துள்ளி எழுந்தார். இடுப்பு வலி எங்கே போனதோ தெரியவில்லை. "அப்ப அவன்தான்! சாப்பாடு போடுறவன எவன் சந்தேகப்படுவான்? கதவைத் திறந்து வெச்சதே எல்லாரும் கதவையே பார்த்துட்டு இருக்கணும்னுதான். வேலை நடந்தது அடுப்படியில!"

டீக்கடைக்காரரே ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தொடர்கதை லோடுமேனின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நாலு தடவை படிச்சும் எனக்கு இது தோணலையே, சகல!"

சங்கு ஊதியது.

லோடுமேன் ஆலைப் பக்கம் திரும்பினார். ஆபீஸ் சன்னல் டமாரென்று சாத்திக்கொண்டது. சகலையைக் கடைசி வரை பெஞ்சிலேயே உட்கார வைத்தாயிற்று! பொங்கி வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, முகத்தைத் துக்கம் விசாரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டார்.

"அடடா, சன்னலைச் சாத்திட்டாங்களே சகல! மேஸ்திரி வேலைக்கு நீங்க பேரு குடுக்கணுமேன்னு எனக்கும் ஞாபகம் வரலையே!"

"அதுவா? நான் காலையில முத ஆளாப் போய்க் குடுத்துட்டேன்" என்றார் தொடர்கதை, ஆறிய டீயை உறிஞ்சிக்கொண்டே. "நீங்க எப்ப சகல குடுத்தீங்க?"