நான்கு எலுமிச்சம்பழம்

பூஜை முடித்த குருக்கள், ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் புதுக் காரின் நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். இறகு எடை, மின்னல் வேகம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த புகழேந்தி, "கிளம்பு" என்றார்.

"தடை இருக்கிறது. எதையும் நசுக்க மாட்டேன்" என்றது கார்.

ராகுகாலம் தொடங்க ஐந்தே நிமிஷம்.

"அந்தப் பழத்தையெல்லாம் என் சக்கரத்துக்கு வைங்க சாமி" என்ற புகழேந்தியின் மாமனார், மருமகன் 'கட்டைவண்டி' என்று கேலி செய்யும் தன் பழைய காரை முன்னால் கொண்டுவந்து ஏற்றினார். நான்கும் சட்னியாயின. அத்தோடு அந்தக் காரும் மக்கர் செய்து நின்றுவிட்டது.

"திருஷ்டி கழிஞ்சுது. கிளம்புங்க மாப்ளே!"

புதுக் கார் அசையவில்லை. "முன்னால் நிற்பது நசுக்கும் வாகனம். அது நூறு மீட்டர் விலகட்டும்."

புகழேந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டைவண்டியைத் தள்ளினார்.

உள்ளிருந்து மாமனார் குரல் கொடுத்தார்: "இன்னும் கொஞ்சம் வேகமா மாப்ளே!"