அப்பா ஓட்டிய டயர்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையை மழித்துக்கொள்கிறேன். டயர் கடை வாசல்வரை வந்த வெயில், ரப்பர் வாடை தாங்காமல் அங்கேயே நிற்கிறது. அப்பா விட்டுப்போன பழைய காருக்குத் தம்பி ஆசையாக எடுத்துவைத்த அகல டயரை அக்கா காலால் உருட்டித் தள்ளுகிறாள். அவள் கையில் பழுப்பேறிய போட்டோ. அதில் காரும், அப்பாவும், வெள்ளை வளையம் போட்ட ஒல்லி டயர்களும். ஞாயிற்றுக்கிழமை பழைய கார் கண்காட்சி. நடுவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது டயரைத்தான். “அப்பா காருக்கு யானைக் காலா மாட்டப் பாக்குற? வெக்கமா இல்ல?” “மழையில வழுக்கும்க்கா. பின்னாடி என் புள்ளைங்க உக்காருதுங்க.” “இதே ஒல்லி டயர்லதான்டா அப்பா நாப்பது கொண்டை ஊசி வளைவு ஏறினாரு! ஒரு தடவை வழுக்குச்சா?” அவள் போட்ட சத்தத்தில், சுவரில் தொங்கும் காற்றழுத்தக் கருவியின் முள் தானாகவே இரண்டு கோடு ஏறுகிறது. கடைக்காரர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒல்லி டயர்கள் நான்கையும் இறக்கிவைக்கிறார். தம்பி பல்லைக் கடித்தபடி தலையாட்டுகிறான். புடைத்த கழுத்து நரம்பு மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்பாவுக்குக் கடைசிவரை கார் ஓட்டத் தெரியாது.