கறுப்பா, கிளியரா?

"கறுப்பு அடிச்சுடலாம் மாமா. பாக்க கம்பெனி கிட்டார் மாதிரியே இருக்கும்."

மருமகள் சுகன்யா மேரி மூன்றாவது தடவையாக இதைச் சொன்னபோது ஆரோக்கியசெல்வத்துக்குச் சுருக்கென்றது.

கம்பெனி கிட்டார்தான் வேண்டுமென்றால் திருச்சிக்குப் பஸ் ஏறி ஒன்றை வாங்கி வந்திருக்க மாட்டாரா? சிமென்ட் ஆலையில் ரிடையர் ஆன மனுஷன், கொல்லையில் வெட்டிய பலா மரத்தை அறுத்து, இழைத்து, எட்டு மாதமாகத் தூசியில் உட்கார்ந்து இருமியது எதற்காக?

அதுவும் எடுத்தவுடன் வந்துவிடவில்லை. முதல் கிட்டாருக்குக் கழுத்து வளைந்துபோனது. இரண்டாவது, கம்பியை முறுக்கும்போதே முதுகு பிளந்துகொண்டது. மூன்றாவதுதான் இது. தட்டினால் பானை போலக் கணீரென்கிறது.

வரதராஜன்பேட்டை மாதா கோயில் திருவிழாவுக்கு இன்னும் பத்தே நாள். பாட்டுக் குழுவோடு உட்கார்ந்து அவரே இதை வாசிக்கப் போகிறார். பலாவின் மஞ்சளும் ரேகையும் அப்படியே தெரிய வேண்டும். கடையில் வாங்கியதில்லை, ஒருத்தன் கையால் செய்தது என்று பார்க்கிறவர்களுக்கு விளங்க வேண்டும். அதற்கு நிறமே இல்லாத கிளியர் லாக்கர் பூச்சை விட்டால் வேறென்ன?

உடையார்பாளையத்தில் பாலிஷ் பட்டறை வைத்திருக்கும் வேல்முருகனுக்குப் போன் போட்டார். அவரும் கறுப்புதான் நல்லது என்றார். கிளியர் அடித்தால் நாளாவட்டத்தில் மஞ்சள் பூத்துவிடுமாம்.

பலாவே மஞ்சள்தானே என்று இவர் மடக்கினார். உடனே வெயிலுக்கு வெடிக்கும், கைரேகை படியும் என்று வேல்முருகன் புதுசு புதுசாகச் சொல்ல ஆரம்பித்தார். விற்காத கறுப்பு டப்பா ஏதோ பட்டறையில் கிடக்கிறது, அதை நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று ஆரோக்கியசெல்வம் முடிவு கட்டிவிட்டார்.

சரி, மருமகளுக்காவது கண்ணால் காட்டிவிடுவோம் என்று ஒரு துணியில் தின்னரை நனைத்தார். லாக்கர் அடித்தால் மரம் எப்படி இருக்கும் என்று பாலிஷ்காரர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும் வழி இது. சுகன்யாவைக் கூப்பிட்டு நிற்கவைத்து, முன்பலகையில் அழுத்தித் துடைத்தார்.

ரேகையெல்லாம் பளிச்சென்று எழுந்து வந்தது. கூடவே ஒரு சாண் நீளத்துக்கு வெளிறிய கோடு ஒன்றும் வந்தது.

பசை ஊறிய இடத்தில் தின்னர் ஏறாது. ஆனால் அது ஒரே பலகை. அங்கே அவர் எதையும் ஒட்டவே இல்லை. யாரோ உடைத்து, ஒட்டி, அதே மரத்தூளை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார்கள்.

அவர் நிமிர்வதற்குள் சுகன்யா சொல்லிவிட்டாள். "நான்தான் மாமா. கூட்டும்போது கைபட்டு விழுந்துடுச்சு. சொல்ல பயமா இருந்துச்சு."

அதனால்தான் கறுப்பா என்று அவருக்கு நெஞ்சு எரிந்தது. உடைத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வார். அதை மூடி மறைத்துவிட்டு, அக்கறையாக யோசனை சொல்வது போல நடித்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மூன்று நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். பாட்டுக் குழுவில் நாலு பேரிடம் மருமகள் செய்த காரியத்தைச் சொல்லியும் வைத்தார். சொன்ன பிறகு கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

நாலாம் நாள், கிட்டாரைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு உடையார்பாளையம் பஸ் ஏறினார்.

"கிளியரே அடிங்க தம்பி" என்றார் வேல்முருகனிடம். "இந்தக் கோடு நல்லா தெரியணும். பாக்கறவங்க, யாரு உடைச்சதுன்னு கேக்கணும்."

"யாரு உடைச்சதாம் சார்?"

"என் மருமக. அவளே ஒத்துக்கிட்டா."

வேல்முருகன் கையிலிருந்த ஸ்பிரே கன்னைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"இத ஒட்டுனவன் நான் சார். அந்தப் பொண்ணுதான் பதறிப்போயி என்னைய உங்க வூட்டுக்கு வரச் சொன்னுச்சு. அப்ப நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க. வேலை பாத்துக்கிட்டு இருக்கையில சுகர் கொறஞ்சு மயங்கிட்டீங்கல்ல? வெறுந்தரையில விழலைங்க. இது மேலதான் விழுந்தீங்க."

ஆரோக்கியசெல்வம் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தன்னாலதான் உடைஞ்சுதுன்னு தெரிஞ்சா இனிமே மாமா உளியவே தொடமாட்டாங்க, அப்படியே ஒடுங்கிப் போயிருவாங்கன்னு அழுதுச்சு சார். யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு. கறுப்பு அடிச்சா காலத்துக்கும் தெரியாதுன்னு யோசனை சொன்னதே நான்தான்."

 பாட்டுக் குழுவில் சொல்லிவைத்த அந்த நாலு பேரின் முகமும் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்துபோனது. அவமானமாக இருந்தது. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி நின்ற சுகன்யாவை நினைத்தபோது அதைவிட வலித்தது.

வேல்முருகன் மெதுவாகக் கேட்டார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போயிடல. கறுப்பே அடிச்சுடலாமா சார்?"

ஆரோக்கியசெல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி, கிளியரே அடிங்க. உடைச்சவன் மடியிலதான் அது இருக்கப் போவுது. கேக்கறவங்களுக்கு அவனே சொல்லிக்கட்டும்."