குறுக்கே பேசுகிறவர்

"ஆதாரம் இருக்கா? வாய்க்கு வந்ததையெல்லாம் பேசாதீங்க!"

சட்டசபையே அதிர்ந்தது. எழுந்து நின்று கத்தியவருக்கு வயது முப்பத்தொன்று. ஆளுங்கட்சி. எம்.எல்.ஏ. ஆகி ஒரு வருஷம்தான் ஆகிறது.

பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. பள்ளிக்கூட டீச்சர். புருஷன் சபையில் பேசுகிற அழகைப் பார்க்க இன்றைக்குத்தான் முதல் தடவையாக லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பார்த்த அழகு இதுதானா!

எதிரே நின்றவரோ அறுபது வயது அம்மாள், சுயேச்சை. கட்சி கிடையாது, மேஜையைத் தட்ட ஓர் ஆள் கிடையாது. தன் தொகுதி ஆஸ்பத்திரியில் ராத்திரியானால் பிரசவம் பார்க்க டாக்டர் இல்லை என்று சொல்ல எழுந்தவர்.

"அம்மா பதில் சொல்லலாம்" என்றார் சபாநாயகர்.

"ஆதாரம்தானே? இருக்கு." அம்மாள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். "போன வருஷம் மட்டும் நாற்பத்திரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்காங்க." தேதியோடு படிக்க ஆரம்பித்தார்.

படித்து முடித்து மூச்சு விடுவதற்குள், "ஏன், பக்கத்து ஊர்ல ஆஸ்பத்திரி இல்லையா?" மறுபடியும் அதே வெண்கலத் தொண்டை.

"இருக்கு. நாற்பது கிலோமீட்டர். பாதி தூரம் ரோடே கிடையாது. மூணு குழந்தை வழியிலேயே பொறந்திருக்கு."

"பாத்தியா என் தம்பியை! விடவே மாட்டேங்கறான்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் முழங்கையால் இடித்தாள். தம்பியின் பிரதாபத்தைப் பார்க்கவென்றே ஊரிலிருந்து வந்திருந்தாள்.

"சும்மா இருங்க அண்ணி. ஒரு பெரியவங்களைப் பேச விட வேண்டாமா? என் கிளாஸ்ல இப்படிக் குறுக்கே பேசினா பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்."

"போடி இவளே! சத்தம் போடலைன்னா இந்தக் காலத்துல யாரு மதிக்கறா?"

காவலர் "உஷ்!" என்று முறைத்தார். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

கீழே அவள் புருஷன் மூடுகிறபாடாக இல்லை.

"அமைச்சர்கிட்ட மனு கொடுத்தீங்களா?"

"ஆறு மனு." ஆறையும் படித்தார்.

"ராத்திரிக்குப் போட டாக்டர் எங்கே இருக்காங்க? நீங்களே சொல்லுங்க!"

"தலைமை ஆஸ்பத்திரியில நாலு பேர் இருக்காங்க. நாலு பேருக்கும் பகல் டியூட்டிதான்."

ஆளுங்கட்சி வரிசை உற்சாகமாக மேஜையைத் தட்டியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

'அங்கே போனாலும் நான் நானாத்தான் இருப்பேன், பாரு' என்று தேர்தலுக்கு முன்னால் சொன்ன மனுஷன். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தானே கால் தேய வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்டாள்? ஒரே வருஷத்தில் இப்படி ஆகிவிட்டாரே!

கடைசியில் அமைச்சரே எழுந்துவிட்டார். "அடுத்த மாசம் ரெண்டு டாக்டர் போடறேன். இதோட ஆளை விடுங்கம்மா!"

சபை சிரித்தது.

வெளியே தாழ்வாரத்தில் அவள் புருஷனைச் சுற்றி ஒரே கூட்டம். கட்சிக் கொறடா தோளில் தட்டினார். "சபாஷ் தம்பி! அந்தம்மாவை ஒரு நிமிஷம் நிம்மதியாப் பேச விட்டியா!" இவரும் ஈ என்று இளித்துக்கொண்டு நின்றார்.

அவள் நேரே போய், "நீங்க அண்ணியைக் கூட்டிக்கிட்டுக் கார்ல வாங்க. நான் பஸ்ல போய்க்கறேன்" என்றாள்.

"ஏய், என்ன ஆச்சு?"

விறுவிறுவென்று நடந்தாள். மாடிப்படியில் அந்த அம்மாள் தனியாக இறங்கிக்கொண்டிருந்தார். கிட்டே போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் அவரோட வீட்டுக்காரி. உள்ளே உங்களை அவர் அப்படிப் படுத்தினதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

அம்மாள் முன்னும் பின்னும் பார்த்தார். யாரும் இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"மெதுவாப் பேசும்மா. உங்க கட்சிக்காரங்க காதுல விழுந்தா அவர் பாடு திண்டாட்டம். சுயேச்சைன்னு எனக்குக் கொடுத்தது மூணே நிமிஷம். ஆனா யாராவது குறுக்கே கேள்வி கேட்டா, அதுக்குப் பதில் சொல்ற நேரத்தை இங்கே கணக்குல சேர்க்க மாட்டாங்க. அதான் நேத்தைக்கு உன் வீட்டுக்காரர் போன் பண்ணி, நாளைக்கு எழுந்து என்னென்ன கேட்டுக் கத்தணும்னு என்கிட்டேயே கேட்டு எழுதிக்கிட்டார்!"