எடுத்த படம் எங்கே?

"கிட்டப் போனாலே படம் கலங்குதும்மா" என்றார் மாமனார்.

"பூப் படம் போட்ட பட்டனை அமுக்குங்க மாமா. ஜூம் பண்ணாம கேமராவையே கிட்டக் கொண்டு போங்க. ஃப்ளாஷ் வேண்டாம், வெளுத்துடும்" என்றாள் மருமகள், ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மாத்திரை அட்டையைப் படம் எடுத்தார். எழுத்தெல்லாம் பளிச்சென்று விழுந்தது. பார்த்தார், அழித்துவிட்டார்.

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தொட்டியில் ரோஜா பூத்துக் கிடக்க, ஒரு வாரமாக மாத்திரை அட்டையும் கரண்ட் பில்லும்தான் எடுக்கிறார். ஒரு படத்தையும் வைத்துக்கொள்வதில்லை.

"நல்லாத்தானே வந்துச்சு, ஏன் மாமா அழிச்சீங்க?"

"பெரிசாக்கிப் படிச்சாச்சேம்மா." குரலைத் தாழ்த்தினார். "கண்ணு மங்கிட்டே வருது. உன் புருஷன்கிட்ட மூச்சு விடாதே."

பிறகு மேஜையைத் தடவித் தடவிக் கார் சாவியைக் கண்டுபிடித்தார்.

"வாம்மா, வழக்கம்போல உன்னை ஆபீசுல இறக்கி விட்டுடறேன்."